வெளியே விலகிய விழியை உள்ளே கொண்டுவந்தவர்

வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. மாணவர் ஒருவரின் வலக்கண் வெண்பலகையைப் பார்க்கிறது. இடக்கண்ணோ மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து சன்னலை நோக்கித் திரும்புகிறது. கவனம் இல்லை என்று ஆசிரியர் கண்டிக்கிறார். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். மாறுகண் அதிர்ஷ்டம், அதைத் தொடவேண்டாம் என்று வீட்டில் பாட்டி சொல்கிறார்.

மூவர் எண்ணமும் தவறு. அந்த மாணவருக்கு இருப்பது வெளிநோக்கு மாறுகண். இரு கண்களில் ஒன்று மூக்கை விட்டு விலகி, காதுப் பக்கமாகச் செல்லும் நிலை அது. சிலருக்கு எப்போதும் இருக்கும். பலருக்கு விட்டுவிட்டு வரும். களைப்பாக இருக்கும்போதும், ஏதோ நினைவில் ஆழ்ந்திருக்கும்போதும், காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் கண் விலகும், கூப்பிட்டதும் நேராகிவிடும். வெயிலில் இறங்கியவுடன் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகளில் சிலருக்கு இந்தப் பிரச்சினை இருக்கலாம். மேற்கத்திய நாடுகளில் உட்பக்கம் திரும்பும் மாறுகண் அதிகம் என்றால், நம் ஆசிய நாடுகளில் வெளிப்பக்கம் திரும்புவதே அதிகம்.

இன்று இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. கண்ணை அசைக்கும் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு மருத்துவர்கள் அதைச் செய்கிறார்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அப்போது கணக்கு இல்லை, கத்திதான் இருந்தது. அந்தக் கத்தி நேராக்கிய கண்கள் பலவும் சில ஆண்டுகளில் வெளியே விலகிப்போயின. அவற்றை மீட்க முயன்று, வெட்டுவதற்கு முன்பு அளக்கவேண்டும் என்ற ஒழுங்கைக் கண் மருத்துவத்திற்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆல்பிரெக்ட் ஃபோன் கிரேஃபே. வாழ்ந்தது 42 ஆண்டுகள் மட்டுமே.

ஆறு தசைகளின் இழுபறி

அவருடைய வாழ்க்கைக்குள் போவதற்கு முன்பு, கண் எப்படி அசைகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒவ்வொரு கண்கோளத்தையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்கு இங்கே முக்கியம். மூக்குப் பக்கம் உள்ள உட்புறத் தசை கண்ணை உள்ளே இழுக்கிறது. காதுப் பக்கம் உள்ள வெளிப்புறத் தசை வெளியே இழுக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சமபலத்தில் இருந்தால் கயிற்றின் நடுக்குறி அசையாது. கண்ணும் அப்படித்தான். ஒரு பக்கத்தின் இழுப்பு ஓங்கினால் கண் அந்தப் பக்கம் போய்விடும்.

தசைகள் மட்டும் காரணமல்ல. இரு கண்களும் காணும் இரண்டு படங்களை மூளை ஒன்றாக இணைக்கிறது. அந்த இணைப்பை விடாமல் காக்க, தசைகளுக்கு அது இடைவிடாமல் கட்டளை அனுப்புகிறது. விட்டுவிட்டு வரும் வெளிநோக்கு மாறுகண்ணில், மூளையின் பிடி தளரும் நேரங்களில் கண் விலகுகிறது. அப்போது இரட்டைப் படம் தெரியாமலிருக்க, சிறு பிள்ளைகளின் மூளை விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். நாளடைவில் ஆழத்தை உணரும் பார்வை குறையக்கூடும். பந்தைப் பிடிப்பது, படியில் இறங்குவது, ஊசியில் நூல் கோப்பது போன்றவை கடினமாகும்.

பெர்லினில் பிறந்த மருத்துவர் மகன்

ஆல்பிரெக்ட் 1828ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி பெர்லினில் பிறந்தார். தந்தை கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபோன் கிரேஃபே பெர்லின் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர். ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டவர். இழந்த மூக்கை மீண்டும் உருவாக்கும் அறுவை சிகிச்சை பற்றி 1818ல் அவர் வெளியிட்ட நூலில், நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் இந்திய முறையும் விளக்கப்பட்டிருந்தது. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்டுவந்த அந்தக் கைத்திறன் அப்போதுதான் ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்திற்கு வந்துகொண்டிருந்தது.

வசதிக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் 1840ல் தந்தை காலமானார். அப்போது ஆல்பிரெக்டுக்கு 12 வயது. தந்தையின் பேராசிரியர் பதவிக்கு யோஹான் ஃபிரீட்ரிக் டீஃபன்பாக் வந்தார். இந்தக் கதையில் டீஃபன்பாக்குக்கு முக்கிய இடம் உண்டு. தந்தையின் பதவியில் அமர்ந்த அவர் தொடங்கிவைத்த ஒரு சிகிச்சையைத்தான் பிற்காலத்தில் மகன் திருத்த வேண்டியிருந்தது.

ஆல்பிரெக்ட் பள்ளியில் கணிதத்திலும் இயற்கை அறிவியலிலும் சிறந்து விளங்கினார். 15 வயதிலேயே பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இன்று நம் நாட்டில் உயர்நிலை மூன்றாம் வகுப்பில் இருக்கும் வயது அது. அங்கே அவருக்குக் கற்பித்தவர்களில் டீஃபன்பாக்கும் ஒருவர். 1847ல், 19 வயதில் ஆல்பிரெக்ட் மருத்துவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் டீஃபன்பாக் இறந்தார்.

நேராகி, பிறகு விலகிய கண்கள்

டீஃபன்பாக் செய்தது என்ன?

1839ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, உட்பக்கம் திரும்பிய கண்ணுடன் வந்த ஏழு வயதுச் சிறுவனின் உட்புறத் தசையை அவர் வெட்டினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஈதர் புழக்கத்திற்கு வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. இழுத்துக்கொண்டிருந்த தசை வெட்டப்பட்டதும் கண் நடுவுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ட்ரோமேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் சடலத்தில் செய்து பார்த்துப் பரிந்துரைத்த யோசனையை, உயிருள்ள மனிதரிடம் டீஃபன்பாக் வெற்றிகரமாகச் செய்துகாட்டிவிட்டார்.

செய்தி வேகமாகப் பரவியது. பெர்லின், பாரிஸ், இலண்டன் என்று எல்லா இடங்களிலும் மருத்துவர்கள் மாறுகண்ணை வெட்டத் தொடங்கினார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிகிச்சை. உடனே தெரியும் பலன். 1842ல் டீஃபன்பாக் தம் நூலை வெளியிட்டபோது, அவர் செய்த மாறுகண் அறுவை சிகிச்சைகள் ஏறக்குறைய 1,200 ஆகியிருந்தன.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. வெட்டப்பட்ட உட்புறத் தசை கண்குழிக்குள் பின்னே சுருங்கிக்கொண்டது. பலருக்கு அது கண்ணின் சரியான இடத்தில் மீண்டும் ஒட்டவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணி கயிற்றையே விட்டுவிட்டால் என்ன ஆகும்? எதிரணி இழுத்துக்கொண்டே போகும். வெளிப்புறத் தசை கண்ணைக் கொஞ்சங்கொஞ்சமாக வெளியே இழுத்தது. மூக்கைப் பார்த்திருந்த கண் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துக் காதைப் பார்த்தது. சிலருக்குக் கண் சற்று முன்னே பிதுங்கியும் தெரிந்தது. மூக்குப் பக்கம் பார்க்கச் சொன்னால் அந்தக் கண்ணால் திரும்ப முடியவில்லை.

பிறவிக் குறையோடு வந்தவர்கள், மருத்துவர் உண்டாக்கிய குறையோடு வாழவேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் அந்தச் சிகிச்சையின் பெயர் கெட்டது. பல மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

டீஃபன்பாக்கை அவசரக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் துணியாமல் இருந்திருந்தால், மாறுகண்ணைத் தசையின் வழியாகத் திருத்தமுடியும் என்பதே தெரியாமல் போயிருக்கும். குறை வேறு இடத்தில் இருந்தது. எவ்வளவு வெட்டவேண்டும் என்பதற்கு அளவில்லை. வெட்டியபின் ஆண்டுக்கணக்கில் நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும் பழக்கமும் பரவலாக இல்லை.

நான்கு நகரங்கள், ஒரு முடிவு

பட்டம் பெற்ற இளம் கிரேஃபே உடனே பெர்லினில் தொழில் தொடங்கவில்லை. கற்றுக்கொள்ளப் புறப்பட்டார். பிராக் நகரில் ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட் என்ற கண் மருத்துவரைச் சந்தித்தார். கண் மருத்துவத்தையே தேர்ந்தெடுக்கும்படி தூண்டியவர் ஆர்ல்ட்தான். அந்தக் காலத்தில் கண் மருத்துவம் தனித்துறையாகப் பெரும்பாலும் மதிக்கப்படவில்லை. பொது அறுவை மருத்துவத்தின் ஒரு மூலையாகவே அது இருந்தது.

அடுத்துப் பாரிஸ் சென்றார். அங்கே சிஷெல், டெமார் ஆகியோரின் மருத்துவமனைகளில் நாள்தோறும் ஏராளமான நோயாளிகளைப் பார்த்தார். வியன்னாவில் யேகர் குடும்பத்தின் தந்தை, மகன் இருவரிடமும் நுணுக்கமான கைவேலையைக் கற்றார். 1851ல் இலண்டன் போனார். அங்கே போமன், கிரிட்செட் என்ற மருத்துவர்களுடன் நட்பு உண்டாயிற்று. நெதர்லாந்திலிருந்து வந்திருந்த டோண்டர்ஸையும் அங்கேதான் சந்தித்தார். இவர்களுடைய நட்பு கிரேஃபேயின் ஆயுள் முழுவதும் தொடர்ந்தது.

அதே 1851ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர், உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி விழித்திரையைப் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். கிரேஃபே அதன் மதிப்பை உடனே உணர்ந்தார். அதுவரை இருட்டறையாக இருந்த கண்ணின் உட்புறம் மருத்துவர்களுக்குத் திறந்தது.

ஏழைகளுக்கும் ஒரே வாசல்

பெர்லின் திரும்பிய கிரேஃபே சொந்தமாகக் கண் மருத்துவமனை தொடங்கினார். வசதியற்றவர்களுக்கு இலவச சிகிச்சை என்று அறிவித்தார். கூட்டம் பெருகியது. 1852ல் கார்ல் தெருவில் பெரிய இடத்திற்கு மாறினார். சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளம் மருத்துவர்கள் அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். காலையில் அறுவை சிகிச்சை, பிறகு நோயாளிகள், பிறகு மாணவர்களுக்கு வகுப்பு, இரவில் எழுத்து என்று அவருடைய நாள்கள் கழிந்தன.

1854ல், 26 வயதில், கண் மருத்துவத்திற்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். முதல் தொகுதியின் பெரும்பகுதியை அவரே எழுதினார். கண்ணைச் சாய்வாக அசைக்கும் தசைகளைப் பற்றிய அவருடைய கட்டுரைகளும் அதில் இடம்பெற்றன. அடுத்த தொகுதியிலிருந்து ஆர்ல்டும் டோண்டர்ஸும் ஆசிரியர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். அந்த இதழ் இன்றும் கிரேஃபேயின் பெயரில் வெளிவருகிறது.

ஒரு கோடும் ஒரு புள்ளியும்

மாறுகண் பற்றிய அவருடைய விரிவான ஆய்வு 1857ல் அதே இதழில் வந்தது. மருத்துவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த ஒரு சிகிச்சைக்கு அது புது வாழ்வு கொடுத்தது.

கிரேஃபே முதலில் கேட்ட கேள்வி எளிமையானது. இந்தக் கண் எவ்வளவு விலகியிருக்கிறது? பார்த்தால் தெரிகிறதே என்று அவர் விட்டுவிடவில்லை. இமை விளிம்பையொட்டி விலகலின் தூரத்தை அளந்தார். இரு கண்களும் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகின்றன, கிட்டத்தில் பார்க்கும்போது எப்படி, தூரத்தில் பார்க்கும்போது எப்படி என்று குறித்துக்கொண்டார்.

வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் விலகலைக் கண்டுபிடிக்க அவர் பயன்படுத்திய சோதனை அழகானது. ஒரு தாளில் செங்குத்தாக ஒரு கோடு; கோட்டின் நடுவே ஒரு புள்ளி. நோயாளியின் ஒரு கண்ணுக்கு முன்னால் பட்டகக் கண்ணாடியை வைப்பார். பட்டகம் ஒளியை வளைப்பதால், அந்தக் கண்ணுக்குப் புள்ளி மேலேயோ கீழேயோ இடம்மாறித் தெரியும். ஒன்றுக்கொன்று உயரம் மாறிய இரு படங்களையும் மூளையால் ஒன்றாக்க முடியாது. இணைக்கும் வேலை இல்லாததால் கண்கள் தங்கள் இயல்பான இடத்திற்குப் போய்விடும். தசைகள் சமநிலையில் இருந்தால் ஒரே கோட்டில் இரண்டு புள்ளிகள் தெரியும். கண் வெளியே விலகும் போக்குடையது என்றால் கோடும் இரண்டாகி, புள்ளிகள் பக்கவாட்டில் பிரிந்து தெரியும். மீண்டும் ஒரே கோட்டில் கொண்டுவர எவ்வளவு வலிமையுள்ள பட்டகம் தேவையோ, அதுவே விலகலின் அளவு.

இதில் கிரேஃபே கண்ட உண்மை மாணவர்களான நமக்கு மிக நெருக்கமானது. நீண்ட நேரம் படித்தால் கண் வலிக்கிறது, எழுத்துகள் ஓடுகின்றன, இரண்டாகத் தெரிகின்றன என்று சொல்லி வந்தவர்கள் சிலருக்குப் பார்வைக் கூர்மையில் குறை இல்லை. கிட்டத்தில் படிக்க இரு கண்களும் உள்நோக்கிக் குவியவேண்டும். உட்புறத் தசைகளின் உழைப்பு போதாததால் கண்கள் வெளியே நழுவப் பார்க்கின்றன. அதைத் தடுக்கும் போராட்டமே வலியாக வெளிப்படுகிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதையும் அவர் குறிப்பிட்டார். சோம்பல் என்று பலரும் நினைத்த ஒன்றுக்கு அவர் அளவு கொடுத்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் பட்டகச் சோதனை இன்றும் கண் பரிசோதனைப் படிப்பில் கற்பிக்கப்படுகிறது.

அளந்த பிறகே கத்தி

அடுத்த கேள்வி: எங்கே வெட்டுவது? டீஃபன்பாக் தசையின் சதைப் பகுதியை வெட்டினார். கிரேஃபே, தசைநாண் கண்ணின் வெள்ளைப் பகுதியோடு சேரும் இடத்திலேயே அதை விடுவித்தார். தசையைச் சுற்றி மெல்லிய இணைப்புத் திசுக்கள் இருக்கின்றன. லியோன் நகரின் போனே என்ற மருத்துவர் 1841லேயே அவற்றின் முக்கியத்துவத்தை விளக்கியிருந்தார். அந்தத் திசுக்களை முடிந்தவரை காப்பாற்றினால், விடுவிக்கப்பட்ட தசை ஆழத்திற்கு ஓடிவிடாது. கொஞ்சம் பின்வாங்கிக் கண்ணிலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இழுப்பு குறையும், ஆனால் அறுந்துபோகாது.

விலகல் பெரிதாக இருந்தால் முழுத் திருத்தத்தையும் ஒரே கண்ணில் செய்யாமல் இரு கண்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். சுற்றுத் திசுவை எவ்வளவு விடுவிப்பது என்பதைக் கூட்டியும் குறைத்தும், மேலே ஒரு தையல் போட்டும் விளைவைக் கட்டுப்படுத்தினார். வெளியே விலகும் கண்ணுக்கு வெளிப்புறத் தசையைத் தளர்த்தினார். அதற்கு முன்பு, தளர்த்தினால் கண் உள்பக்கம் போய் இரட்டைப் பார்வை வருமா என்று பட்டகங்களால் சோதித்தார். சோதனை இடம் கொடுக்காவிட்டால் கத்தியை எடுக்கமாட்டார்.

இருந்தாலும், ஏற்கெனவே பழைய முறையில் வெட்டப்பட்டு வெளியே போய்விட்ட கண்களை என்ன செய்வது? அவர்களுக்கு வெளிப்புறத் தசையைத் தளர்த்துவது மட்டும் போதாது. காணாமற்போன உட்புறத் தசையைத் தேடிப்பிடித்து முன்னே கொண்டுவரவேண்டும். பாரிசில் கெரேன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த வழியை எடுத்துக்கொண்டு கிரேஃபே அதை மேம்படுத்தினார். பின்னே சுருங்கிய உட்புறத் தசையைச் சுற்றுத் திசுவிலிருந்து பிரித்தெடுத்தார். எதிர்ப்பக்கத்து வெளிப்புறத் தசையை விடுவித்து, கண்ணில் மிஞ்சியிருந்த அதன் நுனியில் ஒரு நூலைக் கோத்தார். அந்த நூலால் கண்ணை மூக்குப் பக்கம் திருப்பி, நூலை வெளியே ஒட்டி நிறுத்தினார். கண் அப்படியே உள்நோக்கி இருக்கும்போது உட்புறத் தசை முன்னே ஒட்டிக்கொள்ளும். பிறகு நூல் எடுக்கப்படும்.

நோயாளிக்கு இது சுலபமான அனுபவம் அல்ல. கண்ணில் நூல் கட்டியபடி காத்திருக்கவேண்டும். கிருமிகளைத் தடுக்கும் முறைகள் பரவாத காலம். ஆனாலும் மருத்துவத்தின் கையாலேயே கெட்டுப்போன கண்களுக்கு, இனி ஒன்றும் செய்யமுடியாது என்ற பதிலைத் தவிர வேறொரு பதில் கிடைத்தது. இலண்டன் நண்பர் கிரிட்செட், தசையை நேராகவே முன்னே இழுத்துத் தைக்கும் முறையை வளர்த்தார். இன்றைய அறுவை சிகிச்சை அந்தத் தையலின் வழித்தோன்றல்.

ஓடும் நேரத்தோடு போட்டி

அதே 1857ஆம் ஆண்டு கிரேஃபேயின் இன்னொரு கண்டுபிடிப்பும் வெளிவந்தது. கண் அழுத்த நோய் திடீரெனத் தாக்கினால் பார்வை போய்விடும் என்பதே அதுவரை விதி. கருவிழிப்படலத்தின் ஒரு சிறு பகுதியை அகற்றினால் அழுத்தம் தணிந்து பார்வையைக் காக்கமுடியும் என்று அவர் காட்டினார். 1860களின் நடுவில் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் புதிய வெட்டுமுறையையும் அதற்கென ஒரு மெல்லிய கத்தியையும் உருவாக்கினார். ஹைடல்பெர்க் நகரில் நண்பர்களையும் மாணவர்களையும் அவர் கூட்டிய சிறு சந்திப்பிலிருந்தே ஜெர்மானியக் கண் மருத்துவச் சங்கம் பிறந்தது.

ஆனால் உடல் அவரோடு ஒத்துழைக்கவில்லை. 1861ல் நெஞ்சுக்கூட்டு அழற்சியால் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார். அடுத்த ஆண்டு டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அன்னா க்னூத் சீமாட்டியை மணந்தார். காசநோய் அவரை விடவில்லை. ஓய்வெடுக்க வேண்டிய நாள்களிலும் நோயாளிகளைப் பார்த்தார். பெர்லின் பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக்கியது 1866ல்தான். உலகமே அவரைத் தேடிவந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆனபிறகு வந்த பதவி அது. சாரிட்டே மருத்துவமனையின் கண் பிரிவுக்கு 1868ல் தலைமையேற்றார்.

1870ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி கிரேஃபே காலமானார். அதற்கு முந்தைய நாள்தான் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் தொடங்கியிருந்தது. அவருடைய வகுப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து படித்தவர்கள் இரண்டு எதிரி நாடுகளின் மருத்துவர்களாகிவிட்ட நேரம். 43ஆவது பிறந்தநாளை அவர் காணவில்லை.

1882ல் சாரிட்டே வளாகத்தின் ஓரத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இரு பக்கமும் உள்ள புடைப்புச் சிற்பங்களில் ஒரு பக்கம் சிகிச்சை தேடி வரும் கண் நோயாளிகளும், மறுபக்கம் குணமடைந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். இன்றும் பெர்லினில் அந்தச் சிலையைப் பார்க்கலாம்.

இன்று அந்த அறுவை எப்படி நடக்கிறது?

வெளிநோக்கு மாறுகண் உள்ள எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. எப்போதாவது விலகும் கண்ணுக்குச் சரியான மூக்குக்கண்ணாடி, ஒரு கண்ணை மூடிவைத்தல், கண் பயிற்சி, தொடர்ந்து கவனித்தல் போன்றவற்றில் பொருத்தமானதை மருத்துவர் சொல்வார். விலகல் அடிக்கடி வருகிறது, கட்டுப்பாடு குறைகிறது, ஆழம் உணரும் பார்வை பாதிக்கப்படுகிறது என்றால் அறுவை பற்றிப் பேசுவார்.

கண்ணை வெளியே எடுத்து மீண்டும் வைப்பார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. கண் இருந்த இடத்திலேயே இருக்கும். பிள்ளைகளுக்கு முழு மயக்க மருந்து கொடுப்பார்கள். வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் சிறு திறப்பு செய்து தசையை எடுப்பார்கள். இரு கண்களின் வெளிப்புறத் தசைகளையும் பின்னே நகர்த்தித் தைப்பது ஒரு வழி. ஒரே கண்ணில் வெளிப்புறத் தசையைப் பின்னே நகர்த்தி, உட்புறத் தசையைச் சற்றுக் குறுக்கி வலுப்படுத்துவது இன்னொரு வழி. தானாகக் கரையும் நூலால் தைப்பதால் தசை மருத்துவர் வைத்த இடத்திலேயே ஒட்டும். டீஃபன்பாக்கின் நோயாளிகளுக்குக் கிடைக்காதது இந்தத் தையலும், அதற்கு முன்னால் நடக்கும் அளவெடுப்பும்தான்.

இன்றும் முழு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். தசைகளை மருத்துவர் நகர்த்தலாம். மூளை இரு படங்களையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. சிலருக்கு ஆண்டுகள் கழித்துக் கண் மீண்டும் வெளியே விலகலாம். இரண்டாவது அறுவை தேவைப்படலாம். அதனால்தான் சிகிச்சைக்குப் பின்னும் மருத்துவர்கள் வரச்சொல்லி வரச்சொல்லி அளக்கிறார்கள்.

அறிவியல் படிக்கும் நாம், முதலில் கண்டுபிடித்தவர்களின் பெயர்களையே மனப்பாடம் செய்கிறோம். மாறுகண் அறுவையை முதலில் செய்தவர் கிரேஃபே அல்ல. முதல் வெற்றியின் கைத்தட்டல் அடங்கிய பிறகு, அந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தவர்களில் அவர் ஒருவர். தம் ஆசிரியரின் முறையில் கோளாறு கண்டபோது அந்த முறையைத் தூக்கியெறியவில்லை. எங்கே, எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளால் அதைத் திருத்தினார்.

அந்தக் கேள்விகளுக்கு இப்போது ஒவ்வொரு கண் மருத்துவமனையிலும் பட்டகங்களைக் கொண்டு பதில் சொல்கிறார்கள். உங்கள் கண்ணோ, தம்பி தங்கையின் கண்ணோ களைப்பில் வெளியே நழுவுவதைக் கவனித்தால், அதை அதிர்ஷ்டம் என்று விடவேண்டாம். கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். போய் அளந்து பாருங்கள்.